சைடு கொடுப்பதன் கணக்கு

பச்சை விழுந்து மூன்று விநாடி ஆகிவிட்டது. வரிசையின் முதல் வண்டி நகரவில்லை. அதன் ஓட்டுநர் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஐந்தாவது வண்டியிலிருந்து ஹாரன் கிளம்புகிறது. அடுத்த நொடி வரிசை முழுக்க அதைப் பிடித்துக்கொள்கிறது. இதை அவசரக்குடுக்கைகளின் பொறுமையின்மை என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த எரிச்சலுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

சிக்னலில் நிற்கும் வரிசை ஓட்டம் பிடித்த பிறகு, ஒவ்வொரு காரும் கோட்டைத் தாண்டச் சுமார் 2 விநாடி ஆகும். முதல் சில கார்கள் அசைந்து கிளம்புவதில் இன்னும் ஒரு 2 விநாடி போகும். ஆக, 30 விநாடிப் பச்சையில் ஒரு லேனிலிருந்து 14 கார்கள் போகலாம். முதல் ஆள் 4 விநாடி தூங்கினால் 13-வது, 14-வது கார்களுக்குப் பச்சை கிடையாது. அவர்கள் முழுச் சிவப்பையும் இன்னொரு முறை அனுபவிக்க வேண்டும். ஒரு சுற்று 90 விநாடி என்றால் ஒரு நிமிடம் போயே போச்சு. போன் பார்த்தவரோ நிமிர்ந்து, நிதானமாகத் தாண்டிப் போய்விடுவார். அவர் இழந்தது 4 விநாடி. அவரால் பின்னால் மாட்டிக்கொண்ட இருவரை அவர் பார்க்கக்கூட இல்லை. சாலையில் மரியாதையில்லை என்று நாம் புலம்புவதில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்: செய்கிறவருக்குச் சில்லறைச் செலவு, பின்னால் யாருக்கோ முழு நோட்டு.

அந்த இடத்தில் ஹாரன் அடிக்க வேண்டியவர் ஒரே ஒருவர், இரண்டாவது வண்டிக்காரர். அதுவும் ஒரு சின்னத் தட்டு. ஐந்தாவது ஆளும் பத்தாவது ஆளும் அடிப்பதால் ஒன்றும் வேகமாக நடக்காது. அவர்கள் திட்டுவது முதல் ஆளை, காதடைப்பது நான்காவது ஆளுக்கு.

ஒரே சொல், நான்கு பொருள்

வண்டிக்குள் உட்கார்ந்தவுடன் மனிதனுடைய பேச்சில் பெரும்பகுதி பறிபோகிறது. மிஞ்சுவது ஹாரன், ஹெட்லைட்டின் ஒரு மின்னல், இண்டிகேட்டர், பிரேக் லைட், கொஞ்சம் கை. நடைபாதையில் ஒருவர் மேல் இடித்துவிட்டால் "ஐயோ, பார்க்கலைங்க" என்று சொல்லிச் சிரித்துவிடலாம், அதோடு முடிந்தது. வண்டியில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வழியே இல்லை. "பார்த்து" என்பதற்கும் "நகரு" என்பதற்கும் "வந்துட்டேன்" என்பதற்கும் "உனக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுத்தது" என்பதற்கும் ஒரே சத்தம். அடிக்கிறவர் முதல் பொருளில் அடிக்கிறார், கேட்கிறவர் கடைசிப் பொருளில் எடுத்துக்கொள்கிறார்.

1968-இல் வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை இதைப் புரிந்துகொண்டே ஹாரனைக் கட்டிப்போட்டது. அதன் 28-வது பிரிவின்படி ஒலி எழுப்ப இரண்டே காரணங்கள்: ஒன்று, விபத்தைத் தவிர்க்க; இன்னொன்று, ஊருக்கு வெளியே மட்டும், முந்தப்போகிறேன் என்று முன்னால் போகிறவருக்குச் சொல்ல. தேவைக்கு மேல் நீட்டவும் கூடாது. அந்தக் கண்டிப்பில் பார்த்தால், மேலே சொன்ன சிக்னல் தட்டுக்கே அனுமதி இல்லை.

அதே 1968-இல் அமெரிக்காவில் டூப், கிராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கையான சோதனையை வெளியிட்டார்கள். பச்சை விழுந்த பிறகும் நகராமல் ஒரு காரை வேண்டுமென்றே நிறுத்திவைத்தார்கள். சில முறை அது பளபளப்பான விலையுயர்ந்த கார், சில முறை பழைய மலிவான கார். பழைய காருக்குப் பின்னால் நின்றவர்கள் சீக்கிரமாகவும் அதிகமாகவும் ஹாரன் அடித்தார்கள். இரண்டு முறையும் தாமதம் ஒன்றுதான். கோபம் தாமதத்தை மட்டும் அளந்து வருவதில்லை, முன்னால் நிற்பது யார் என்று பார்த்தும் வருகிறது.

ஹெட்லைட்டை மின்னவைப்பது இன்னும் மோசமான மொழி. சில நாடுகளில் அது "நீங்க போங்க", வேறு சில நாடுகளில் "நான் வர்றேன், நில்லு". இரண்டும் நேர் எதிர். ஆகவே எதிரே வருபவர் லைட் அடித்தால், "அங்கே ஒரு வண்டி இருக்கிறது" என்பதற்கு மேல் எந்தப் பொருளும் கொள்ளாமலிருப்பதுதான் உயிருக்கு நல்லது. அவருடைய வேகம் குறைகிறதா என்று பாருங்கள். சக்கரம் பொய் சொல்லாது.

கோபம் எங்கிருந்து வருகிறது

நம்மைக் கட் அடித்துவிட்டு ஒருவர் போனால் அவர் திமிர் பிடித்தவர். நாம் அதையே செய்தால், எக்ஸிட் திடீரென்று வந்துவிட்டது. அடுத்தவர் தவறைக் குணத்தில் ஏற்றி, நம் தவறைச் சூழ்நிலையில் ஏற்றும் இந்தப் பழக்கத்தின் முதல் பாதிக்கு உளவியலாளர் லீ ராஸ் 1977-இல் ஒரு பெயரே வைத்தார்: அடிப்படைக் காரண கற்பிதப் பிழை. அது எங்கும் உள்ளதுதான், ஆனால் சாலையில் கொழுத்து வளர்கிறது. எதிராளியின் முகம் தெரியாது, காரணம் தெரியாது. தெரிவது பம்பர் மட்டும்.

1994-இல் டெஃபன்பாக்கரும் உடன் ஆய்வாளர்களும் ஓட்டுநர் கோபத்தை அளக்க 33 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலை உருவாக்கினார்கள். கோபமூட்டும் விஷயங்கள் அதில் ஆறு கூடைகளாகப் பிரிந்தன: பகைமையான சைகைகள், விதிமீறல், போலீஸ் நிற்பது, மெதுவாக ஓட்டுவது, மரியாதைக்குறைவு, போக்குவரத்துத் தடைகள். இதில் விதிமீறலும் மரியாதைக்குறைவும் தனித்தனிக் கூடைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டப்படி ஒரு குற்றமும் செய்யாமலே ஒருவர் நம் இரத்தத்தைக் கொதிக்கவைக்க முடியும். நாம் பார்த்து வைத்த பார்க்கிங் இடத்தில் நுழைபவரை எந்தச் சட்டம் என்ன செய்யும்?

இதோடு கண்ணின் ஏமாற்று வேலை சேர்ந்துகொள்கிறது. பக்கத்து லேன் எப்போதும் வேகமாகப் போகிறது என்று எல்லா லேன்களில் இருப்பவர்களும் சத்தியம் செய்வார்கள். 1999-இல் ரெடல்மையர், திப்ஷிராணி இருவரும் நேச்சர் இதழில் இதைக் கணினி மாதிரியால் விளக்கினார்கள். இரண்டு லேன்களின் சராசரி வேகமும் ஒன்றே என்று வையுங்கள். நம் லேன் ஓடும்போது பக்கத்து லேன் நெருக்கியடித்து நிற்கிறது. பத்து வண்டிகளைச் சில நொடிகளில் கடந்துவிடுகிறோம். நாம் நிற்கும்போது அவர்கள் இடைவெளி விட்டு ஓடுகிறார்கள். அதே பத்து வண்டிகள் ஒவ்வொன்றாக நம்மைக் கடக்க நெடுநேரம் ஆகிறது. வெல்லும் நேரம் சிறியது, தோற்கும் நேரம் நீண்டது. போதாததற்கு, நாம் கடந்த வண்டி முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. நம்மைக் கடந்தது கண்ணெதிரே நின்று வெறுப்பேற்றுகிறது.

நேரக் கணக்கும் மனதில் தப்பாகத்தான் ஓடுகிறது. 10 கிலோமீட்டரை 30 கிமீ வேகத்திலிருந்து 40-க்கு ஏற்றிக் கடந்தால் 5 நிமிடம் மிச்சம். அதே தூரத்தை 80-லிருந்து 100-க்கு ஏற்றினால் மிச்சம் ஒன்றரை நிமிடம்தான். ஏற்கெனவே வேகமாகப் போகும்போது இன்னும் ஏற்றினால் நிறைய மிச்சமாகும் என்று மனிதர்கள் மிகையாக மதிப்பிடுவதை ஸ்வீடன் உளவியலாளர் ஓலா ஸ்வென்சன் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 90-இல் போகிறவருக்குப் பின்னால் முட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு லைட் அடிப்பவர், இல்லாத பணத்துக்குச் சண்டை போடுகிறார்.

இரண்டு விநாடி

சாலை மரியாதையில் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளலாம் என்றால், முன் வண்டிக்கும் நமக்கும் நடுவே விடும் இடைவெளியைத்தான் சொல்ல வேண்டும். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைக் கடக்கும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று எண்ணுங்கள். முடிப்பதற்குள் அதே கம்பத்துக்கு நாம் வந்துவிட்டால் ஒட்டிப் போகிறோம் என்று பொருள். மழையென்றால் நான்கு.

ஏன் இரண்டு? முன்னவர் பிரேக் போட்டதைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்று முதல் ஒன்றரை விநாடி ஆகும். இரண்டு வண்டிகளும் ஒரே மாதிரி பிரேக் பிடிக்கும் என்றால், இடைவெளி இந்தத் தாமதத்தை மட்டும் தாங்கினால் போதும். மீதி அரை விநாடி, அந்த நேரம் பார்த்து நாம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்பதற்கு. 80 கிமீ வேகத்தில் வண்டி விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது; இரண்டு விநாடி என்றால் 44 மீட்டர், கிட்டத்தட்ட பத்துக் கார்களின் நீளம். பெரும்பாலானவர்கள் விடுவது மூன்று கார் நீளம்.

"அவ்வளவு இடம் விட்டால் எவனாவது நுழைந்துவிடுவான்" என்பது வழக்கமான பதில். நுழையட்டுமே. ஒருவர் நுழைந்து, நாம் மறுபடி இடைவெளி விட்டால் நமக்கு நஷ்டம் 2 விநாடி. வழியெல்லாம் பத்துப் பேர் நுழைந்தாலும் 20 விநாடி. லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரம்கூட இல்லை.

இடைவெளியின் பலன் நமக்கு மட்டுமல்ல, பின்னால் வருகிறவர்களுக்கும் போய்ச் சேர்கிறது. 2008-இல் சுகியாமா தலைமையிலான ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரும் சுமார் 30 கிமீ வேகத்தில் சீராக ஓட்டுங்கள் என்றார்கள். சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, விபத்து இல்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே ஒரு நெரிசல் முளைத்தது. சில கார்கள் நின்றேவிட்டன. அந்த நெரிசல் மணிக்கு சுமார் 20 கிமீ வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. ஒருவர் லேசாக வேகம் குறைக்க, ஒட்டி வந்த அடுத்தவர் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் கூடுதலாக பிரேக் போடுகிறார். அவருக்கு அடுத்தவர் இன்னும் கூடுதலாக. நடுவில் ஒருவர் நல்ல இடைவெளி விட்டிருந்தால், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பதோடு அலை அவரிடமே அடங்கிவிடும்.

நமக்குப் பின்னால் ஒருவர் ஒட்டினால்? பாடம் புகட்டப் படக்கென்று பிரேக் தட்டுவது சிலருக்கு வீரம்; உண்மையில் அது நம் பின்சீட்டில் இருப்பவரின் கழுத்தைப் பந்தயம் வைப்பது. செய்ய வேண்டியது தலைகீழானது: முன்னால் நாம் விடும் இடைவெளியை நான்கு விநாடியாக்க வேண்டும். அப்போதுதான் நாம் எப்போது நிறுத்தினாலும் மெதுவாக நிறுத்த முடியும். ஒட்டி வருபவருக்கும் சேர்த்து நாமே தாமதத்தைத் தாங்குகிறோம். இடம் கிடைத்ததும் சைடு கொடுத்து அனுப்பிவிடுவது உத்தமம். முந்துகிறவரைப் பார்த்ததும் வேகத்தை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கென்றே வியன்னா உடன்படிக்கையின் 11-வது பிரிவில் ஒரு வரி உண்டு: முந்தப்படுகிறவர் தன் ஓரத்தை ஒட்டிப் போக வேண்டும், வேகம் கூட்டக் கூடாது. ஒருவர் வெறியோடு துரத்தினால் வீட்டுக்குப் போகாமல் ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்துக்குப் போங்கள், கண்ணாடியை இறக்காதீர்கள்.

ஏமாற்றுக்காரன் போலத் தெரிபவர்

இரண்டு லேன் ஒன்றாகச் சுருங்கும் இடம் பாதிச் சண்டைகளின் விளைநிலம். நல்லவர்கள் 500 மீட்டர் முன்பே ஒரு லேனுக்கு மாறி வரிசையில் நிற்கிறார்கள். காலியான லேனில் ஒருவர் சர்ரென்று கடைசிவரை போய் நுழைகிறார். எல்லோருக்கும் வயிறெரிகிறது, அவரை விடக் கூடாதென்று பம்பரோடு பம்பர் ஒட்டுகிறார்கள்.

நெரிசல் நேரத்தில் சரியாகச் செய்தவர் அந்தக் கடைசி ஆள்தான். சீக்கிரம் மாறுவதால் ஒரு லேன் வீணாகிறது, வரிசையின் நீளம் இரட்டிப்பாகிறது, பின்னால் இருக்கும் சந்திப்பையும் அடைக்கிறது. இரு லேன்களும் முனைவரை நிரம்பி, முனையில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என ஜிப் பல் போலக் கோத்துப் போவதே முறை. ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதிகளில் 7-வது பிரிவு இதைச் சட்டமாகவே சொல்கிறது. இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: இரு லேன்களும் மெதுவாக, ஏறக்குறைய ஒரே வேகத்தில் நகர வேண்டும், நேர் லேனில் இருப்பவர் ஒரு வண்டிக்கு மட்டும் இடம் தர வேண்டும். சாலை காலியாக, வேகமாக ஓடும்போது முன்கூட்டியே மாறிவிடுவதுதான் நல்லது. முனையில் போய் பிரேக் அடிக்கக் கூடாது.

இதே போலத் தோன்றும் ஆனால் முற்றிலும் வேறான ஒன்று, எக்ஸிட் வரிசையைத் தாண்டி முன்னால் போய்ப் புகுவது. அங்கே லேன் முடியவில்லை. புகக் காத்து நிற்கிறவர், நேராகப் போகும் லேனை அடைத்துக்கொண்டு, அந்த எக்ஸிட்டோடு சம்பந்தமே இல்லாத நூறு பேரை நிறுத்துகிறார். அவர்மேல் வரும் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆபத்தான நல்ல மனது

மரியாதை என்றால் விட்டுக்கொடுப்பது என்று நினைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு லேன் சாலையில், நமக்கு முன்னுரிமை இருக்கும்போதே நின்று, எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பக் காத்திருப்பவரைக் கையசைத்துப் போகச் சொல்கிறோம். அவர் நம்பி நகர்கிறார். பக்கத்து லேனில் 50 கிமீ வேகத்தில் வருபவருக்கு அவரைத் தெரியாது, நம் வண்டி மறைக்கிறது. நல்லெண்ணத்தில் காட்டிய கை, நாம் கொடுக்க முடியாத உத்தரவாதத்தைக் கொடுத்துவிட்டது. பின்னால் வருகிறவரும் நாம் நிற்போம் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

முன்னுரிமை இருந்தால் எடுத்துக்கொண்டு போவதும் மரியாதைதான். மற்றவர்கள் அதை நம்பித்தான் ஓட்டுகிறார்கள். நடந்து கடப்பவருக்காகக் கட்டாயம் நிற்க வேண்டிய இடத்தில், முதலில் பின்கண்ணாடியைப் பார்த்து, முன்கூட்டியே லேசாக பிரேக் தொட்டு லைட் எரியவிட்டு, கோட்டுக்கு ஐந்து மீட்டர் முன்பே நில்லுங்கள். அந்த ஐந்து மீட்டரில்தான் பக்கத்து லேன்காரர் நடப்பவரைப் பார்க்க முடியும். கையை ஸ்டீயரிங்கிலேயே வைத்திருங்கள். கடப்பதா வேண்டாமா என்பதை அவர் கண்ணால் பார்த்து அவரே முடிவு செய்யட்டும்.

இண்டிகேட்டரும் இப்படித்தான். ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே போடும் இண்டிகேட்டர் செய்தி அல்ல, வரலாறு. நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்னும் அந்த விளக்கு, மற்றவர் கவனித்து முடிவெடுக்க மூன்று விநாடியாவது எரிய வேண்டும். 60 கிமீ வேகத்தில் அது 50 மீட்டர் முன்பு. கண்ணாடி பார்த்தல், இண்டிகேட்டர், தோள் திருப்பி ஒரு பார்வை, பிறகு நகர்தல். இந்த வரிசை மாறவே கூடாது.

எதிரே வருகிறவரின் கண்

இரவில் பிரைட் போட்டுக்கொண்டே வருகிறவரைத் திட்டாத ஓட்டுநர் இல்லை. 80 கிமீ வேகத்தில் இரண்டு விநாடி கண் கூசினால் 44 மீட்டர் குருட்டு ஓட்டம். வயதாக ஆகக் கண் மீளும் நேரமும் கூடும். பதிலுக்கு நாமும் பிரைட் போட்டால், பார்வையில்லாத இருவர் ஒருவரை ஒருவர் நோக்கி மணிக்கு 160 கிமீ வேகத்தில் நெருங்குகிறார்கள். பார்வையை எதிர் விளக்கிலிருந்து விலக்கி, நம் பக்கத்து ஓரக்கோட்டில் வைத்து வேகத்தைக் குறைப்பதுதான் வழி. முன்னால் ஒருவர் போகும்போதும் டிம் செய்ய வேண்டும். அவருடைய மூன்று கண்ணாடிகளிலும் நம் விளக்குதான்.

ஆனால் கூச வைப்பவர்களில் பலர் டிம்மில்தான் வருகிறார்கள். விளக்கு தூக்கிக்கொண்டிருப்பது அவர்களுக்கே தெரியாது. சரிபார்ப்பது எளிது. டயர் காற்றைச் சரியாக வைத்து, சமதளத்தில் சுவருக்கு நேராக 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்த டேப்புக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். டேப்பிலோ மேலேயோ விழுந்தால், எதிரே வருகிறவர்கள் தினமும் நம்மைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏறினால் வண்டியின் மூக்கு உயர்ந்து விளக்கும் உயரும். பல கார்களில் ஸ்டீயரிங் அருகே 0 முதல் 3 வரை எண் போட்ட சிறு சக்கரம் இருப்பது இதற்காகத்தான்; எண் கூடக் கூட வெளிச்சம் தாழும். ஹாலோஜன் பல்புக்காகச் செய்த கூட்டில் மலிவான எல்இடி பல்பை மாட்டுவது இன்னொரு காரணம். இழை இருக்க வேண்டிய இடத்தில் ஒளி பிறக்காததால் விளிம்பு கலைந்து வெளிச்சம் நாலாபுறமும் தெறிக்கிறது.

"ரெண்டே நிமிஷம்"

நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டால் எங்கும் நிறுத்தலாம் என்று ஒரு நம்பிக்கை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு திசையில் இரண்டு லேன், நிமிடத்துக்கு 30 வண்டிகள் வருகின்றன. ஒருவர் ஒரு லேனில் 10 நிமிடம் நிறுத்துகிறார். மிஞ்சிய லேன் நிமிடத்துக்கு 25 வண்டிகளை விடுகிறது என்றால், அவர் திரும்பி வரும்போது 50 வண்டிகள் தேங்கியிருக்கும். அவர் எடுத்த பிறகு இரு லேன்களிலும் நிமிடத்துக்கு 55 வண்டிகள் போனாலும், தேக்கம் தீர இன்னும் 2 நிமிடம். எல்லோருடைய காத்திருப்பையும் கூட்டினால் 300 நிமிடம், அதாவது ஐந்து மணி நேரம். அவருக்கு மிச்சமானது, பார்க்கிங்கிலிருந்து நடந்து வரும் மூன்று நிமிடம்.

சந்திப்பை அடைப்பதும் இதே கணக்குதான், இன்னும் கொடூரமாக. பச்சை இருந்தாலும், மறுபக்கம் நம் வண்டிக்கு இடம் தெரியாவிட்டால் உள்ளே நுழையக் கூடாது என்று வியன்னா உடன்படிக்கையின் 18-வது பிரிவு சொல்கிறது. பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.

வண்டியை ஓரத்தில் ஒழுங்காக நிறுத்திவிட்ட பிறகும் ஒரு வேலை பாக்கி: கதவு. கதவுக்கு அருகில் உள்ள கையால் திறந்தால் உடல் நேராகவே இருக்கும், கண் முன்னால் பார்க்கும். தள்ளியிருக்கும் கையை நீட்டித் திறந்தால் தோள் தானாகத் திரும்பும். கண் முதலில் வெளிக்கண்ணாடியிலும் பிறகு பின்னால் வரும் சைக்கிளிலும் விழும். பின்சீட்டில் இருப்பவர்களுக்கு வெளிக்கண்ணாடி கிடையாது. அவர்களுக்கு ஓட்டுநர் பார்த்துச் சொல்ல வேண்டும், "இப்ப திறங்க" என்று.